அப்பாவின் சொற்களை எண்ணிய வருடம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அவ்வளவுதான் குடும்பம். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, பிறகு ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று காலை காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். விரல்களுக்குப் பொத்தான் அகப்படவில்லை.

"இன்னாங்க, இன்னா ஆச்சி?" என்றாள் அம்மா.

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் இருந்தோம். உயிருக்கு பயமில்லை என்றார்கள். கால் மெல்ல மெல்லத் தேறியது. இழுத்து இழுத்து நடக்க முடிந்தது. வலது கை மடங்கியபடியே நின்றுவிட்டது. பேச்சு போய்விட்டது. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அதற்கான வார்த்தை மட்டும் கைக்கு எட்டவில்லை. தேடித் தேடிப் பார்ப்பார். நெற்றி நரம்பு புடைக்கும். கடைசியில் எதையோ சொல்வார். அது அவர் தேடியது இல்லை என்பதும் அவருக்கே தெரியும். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருந்தார். கேரளாவிலிருந்து வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார். அப்பா கண்ணை மூடினார். பிறகு, "அன், தே, த்ருவா, காத்" என்று தொடங்கி நிற்காமல் பத்துவரை போனார்.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது என்ன மொழி?"

"பிரெஞ்சு," என்றாள் அம்மா. "சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்கே இவ்ளோ நாளா தெரியாது."

எண்கள், கிழமைகள், பாட்டு, இவையெல்லாம் ஒரு கோவையாக மனதில் படிந்தவை, பேச்சு போனாலும் சிலருக்கு இவை தங்கிவிடும் என்று மேடம் விளக்கினார். அதைப் பேச்சு என்று கணக்கில் வைக்கக்கூடாதாம். பிறகு எங்களிடம் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி வீட்டில எப்படிப் பேசுவார்? நிறைய பேசுவாரா? எந்த வார்த்தை அதிகமா சொல்வார்?"

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா பேச்செல்லாம் மில் கேட்டிலும் டீக்கடையிலும் தீர்ந்துபோய்விடும். வீட்டில் அவர் பேசியதை நாங்கள் காதில் வாங்கியதில்லை. அவரும் வாங்க வேண்டும் என்று பேசியதில்லை.

"சோறு போடும்பாரு. சட்ட எங்கம்பாரு," என்றாள் அம்மா. பிறகு, "வேற இன்னா பேசுவாரு," என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

மேடம் ஒரு வேலை கொடுத்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவராகச் சொல்லும் வார்த்தைகளை எல்லாம் அன்றன்றைக்கு எழுதி வர வேண்டும். எத்தனை வார்த்தை, எந்தெந்த வார்த்தை என்று பார்த்தால்தான் எந்தப் பக்கம் பயிற்சி கொடுப்பது என்று புரியுமாம்.

அம்மா அப்போது ஊதுபத்தி உருட்டும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு, மாவும் குச்சியும் வீட்டுக்கே வாங்கி வந்து உருட்ட ஆரம்பித்தாள். அப்பா கட்டிலில் கிடப்பார். இவள் தரையில் பலகையைப் போட்டுக்கொண்டு உருட்டுவாள். அவர் ஏதாவது சொன்னால், கரி படிந்த விரலோடு பென்சிலை எடுத்து, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைப்பாள். ஐந்தாவது வரை படித்தவள். காதில் விழுந்தபடியே எழுதுவாள். தாளெல்லாம் கறுப்பு ரேகையாக இருக்கும். சாயங்காலம் நான் வந்ததும் நீட்டுவாள்.

"இன்னிக்கி தண்ணின்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. அப்பறம் போ, போன்னாரு. யாரன்னு தெர்ல. காக்காவத்தான்னு நெனக்கிறேன்."

அந்த செமஸ்டரில் எங்களுக்கு சி என்ற கம்ப்யூட்டர் மொழி. அப்போதுதான் ஃபைல் பாடம் வந்திருந்தது. டிஸ்கில் இருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறப்பது, அதிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படிப்பது, எத்தனை சொல், எது எத்தனை முறை வந்தது என்று எண்ணுவது, வேலை முடிந்ததும் ஃபைலை மூடுவது. வகுப்பில் எல்லோரும் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். என் பையில் அம்மாவின் காலண்டர் தாள்கள் இருந்தன. நான் அவற்றைத் தட்டச்சு செய்தேன்.

எங்கள் கம்ப்யூட்டர் லேப் செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைய வேண்டிய குளிர் அறை. நீலத் திரையில் மஞ்சள் எழுத்து. அந்தக் கம்ப்யூட்டர்களில் தமிழ் கிடையாது. அப்பாவின் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டியிருந்தது. மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போனபின் உட்கார்ந்து அடிப்பேன். ஃப்ளாப்பியில் போட்டு வைப்பேன்.

எண்ணுவதற்கு நான் எழுதிய நிரலை முதல் தடவை ஓட்டியபோது நான் நினைத்ததைவிட நிறைய விதவிதமான சொற்கள் வந்தன. சந்தோஷமாகப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். தண்ணி என்ற ஒரே சொல் மூன்று இடத்தில் மூன்று சொல்லாக நின்றது. ஒரு நாள் ஒரு மாதிரியும் இன்னொரு நாள் வேறு மாதிரியும் எழுத்துக் கூட்டி அடித்திருக்கிறேன். எழுத்து மாறினால் கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருத்தி மறுபடி ஓட்டினேன். பட்டியல் சுருங்கிவிட்டது. தண்ணி, இல்ல, போ, ஐயோ, அது, வந்துட்டேன். இன்னும் கொஞ்சம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதரிடம் மிச்சமிருந்த பேச்சு திரையின் பாதியைக்கூட நிரப்பவில்லை.

காகிதத்தில் அடித்து மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே ப்ரோக்ராம் எழுதினீங்களா?"

"ஆமாம் மேடம்."

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இதில ஒண்ணு குறையுது. கோபம் வந்தா என்ன சொல்றார்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவிடம் தடங்கலில்லாமல் வந்த ஒரே விஷயம் கெட்ட வார்த்தைதான். கை வழங்காமல் டம்ளர் கீழே விழுந்தால், லுங்கி அவிழ்ந்தால், கணீரென்று, முன்பு பேசியதைவிடத் தெளிவாக வரும். அம்மா அதையெல்லாம் எழுதுவதில்லை.

"பொம்பளப் பிள்ள கையில அத எப்பிடிம்மா எழுதிக் குடுக்கறது," என்றாள்.

"அதுவும் பேச்சுதான். எழுதுங்க," என்றார் மேடம்.

அதன் பிறகு அம்மா அவற்றையும் எழுதினாள். முழுதாக இல்லை, முதல் எழுத்தும் ஒரு கோடும். மிச்சத்தை நான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வருவார். மில்லில் பக்கத்துத் தறியில் நின்றவர். வாசலிலிருந்தே, "இன்னாடா, இன்னும் படுத்துனே கீறியா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே நுழைவார். அப்பா அவரைப் பார்த்ததும் ஒரு கெட்ட வார்த்தையை முழு வாக்கியமாகச் சொல்வார். சிரிப்பும் வரும், பாதி முகத்தில். சிநேகிதர் திருப்பி இரண்டு சொல்வார். அப்படியே கொஞ்ச நேரம் போகும். அம்மா உள்ளே போய் டீ போடுவாள். அந்த நாள்களின் தாள்தான் நிறைந்திருக்கும்.

ஆனால் திட்டித் திட்டி எத்தனை நேரம் பேசிக்கொண்டிருப்பது. மில் சண்டை பற்றி, பென்ஷன் பற்றி, யார் மகளுக்கு எங்கே கல்யாணம் என்று சிநேகிதர் ஏதாவது கேட்பார். அப்பா பதிலைத் தேடுவார். "அது... அது..." என்பார். சிநேகிதர் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தரையைப் பார்ப்பார். வாராவாரம் வந்தவர் மாதம் ஒரு முறை வந்தார். பிறகு ஒரு நாள் வாசலோடு அம்மாவிடம் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, "எனக்கு அவனப் பாக்க முடியலம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே அப்பா அவர் குரலைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். இடது கையால் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி படுத்தார். அம்மா அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்து மேடம் ஒரு மாற்றம் சொன்னார். ஒரு வாரத்துக்கு ஒரு ஃபைல் என்று வைக்காமல், ஒவ்வொரு நாளும் காலை, மதியம், இரவு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம், எந்த நேரத்தில் அவருக்கு நன்றாகப் பேச வருகிறது என்று தெரியும் என்றார். நானும் அப்படியே, முதலில் சில நாள்களையும் போகப்போக எல்லா நாள்களையும் பிரித்தேன். இப்போது சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய சேர்ந்தன. நிரல் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணிக் கூட்டும்.

கூட்டல் ஏறத் தொடங்கியது. போன மாதத்தைவிட இந்த மாதம் கூட. அதைவிட அடுத்த மாதம் கூட. பட்டியலின் மேலே பாப்பா என்ற சொல் வந்து நின்றது. அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பக்கவாதத்துக்குப் பிறகு ரொம்ப நாள் அது வரவே இல்லை. அம்மாதான் ராத்திரி விளக்கை அணைக்கும் முன் என்னைக் கட்டில் பக்கம் நிற்க வைத்து, "இது யாரு?" என்று கேட்பாள். சில நாள் வரும், சில நாள் வராது. வந்தால் அன்றைய இரவு ஃபைலின் கடைசிச் சொல் அதுவாக இருக்கும்.

கிராஃப் தாள் வாங்கி, மாதாமாத எண்ணிக்கையைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். கோடு மேலே போனது. அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே மாட்டினாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடமெல்லாம், "கம்ப்யூட்டரே சொல்லுது, தேறிக்கினு வராருன்னு," என்றாள். அவர்கள் அப்பாவை எட்டிப் பார்ப்பார்கள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து "அது, அது" என்பார். "ஆமாமா, முன்னைக்கு இப்ப பரவால்ல," என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த நிரலையே மினி ப்ராஜெக்டாக வைக்கச் சொன்னார் எங்கள் ஆசிரியை. வைவாவுக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுபவர். என் நிரலின் பிரிண்ட் அவுட்டை விரலால் தொட்டுக்கொண்டே படித்தார். பிறகு திரையில் ஓடிய சொற்களைப் பார்த்தார்.

"தண்ணி, இல்ல, போ, போ, ஐயோ. யாரும்மா இப்பிடிப் பேசறது?"

"எங்க அப்பா சார்."

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். எக்ஸாமினரும் புன்னகைத்தார்.

"சரி. எனக்காக ஒரு புது ஃபைல் போடு. மூணே மூணு வார்த்த. அடிச்சிட்டு ஓட்டு."

அடித்தேன். ஓட்டினேன். நான்கு என்று காட்டியது.

"மூணு வார்த்த குடுத்தோம். நாலுன்னு சொல்லுது. ஏன்?"

மறுபடி ஓட்டினேன். நான்குதான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். ஃபைல் முடிந்துவிட்டதா என்று என் நிரல் கேட்கிறது. ஆனால் முடிவைத் தாண்டி ஒரு முறை படிக்க முயன்று தோற்றால்தான் கம்ப்யூட்டருக்கே அது முடிந்தது தெரியும். நானோ படிக்கும் முன்னாலேயே கேட்டுவிடுகிறேன். இல்லை, முடியவில்லை என்று பதில் வருகிறது. படிக்கப் போனால் அங்கே ஒன்றும் இல்லை. முன்பு படித்த கடைசிச் சொல்தான் கையில் அப்படியே இருக்கிறது. அதையே இன்னொரு முறை எண்ணிவிடுகிறேன்.

"பெரிய ஃபைல்ல இது தெரியாது. சின்னச் சின்ன ஃபைலா நிறைய இருந்தா கணக்கு நல்லாவே ஏறிடும். புதுசா எழுதறவங்க எல்லாரும் பண்றதுதான், பயப்படாத," என்றார். நல்ல மார்க்கும் போட்டார்.

எல்லோரும் போனபின் நான் லேபிலேயே இருந்தேன். ஒரே ஒரு வரியை இடம் மாற்றினால் போதும். மாற்றினேன். மூன்று சொல் ஃபைலை ஓட்டினேன். மூன்று என்றது. பிறகு அப்பாவின் ஃபைல்களை எல்லாம் முதலிலிருந்து ஓட்டினேன். அந்த ஃப்ளாப்பி டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. மாதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஏற்றம் எதுவும் இல்லை. நான் ஃபைல்களைப் பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் கூட்டல் ஏறியிருக்கிறது. பிரித்த ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொல் வெட்டியாகக் கூடியிருக்கிறது. அப்பா புதிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. சரியாகப் பார்த்தால் கடைசி இரண்டு மாதத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. எப்போதும் ஃபைலின் கடைசியில் நின்ற பாப்பா பாதியாகிவிட்டது.

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டேன். கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு கூட்டம் இல்லை.

அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் உருட்டிக்கொண்டிருந்த குச்சியைக் கீழே வைக்கவில்லை.

"நான் எழுதிக் குடுத்தது தப்பா?"

"இல்லம்மா. நீ எழுதனது சரி. நான் எண்ணுனதுதான் தப்பு."

"அப்ப சரி," என்றாள். "எண்ணாட்டி போவுது. நேத்து கூட என்னப் பாத்து ஏதோ சொல்ல வந்தாரு. நீ பாக்கல, நான் பாத்தேன்." கிராஃப் தாளை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் மேடத்திடம் திருத்திய கணக்கைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து தன் சோதனைக் குறிப்புகளை எடுத்துக் காட்டினார். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வது, பொருளைக் கையில் கொடுத்துக் கேட்பது, இப்படி மாதாமாதம் அவர் வைத்த சோதனைகள். எல்லாவற்றிலும் அப்பா ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"உங்க கிராஃப் ஏன் ஏறுதுன்னு எனக்குத் தெரியலை. என் டெஸ்ட்டில ஏறலைன்னு மட்டும் தெரியும்."

"ஏன் சொல்லல?"

அவர் குறிப்புகளை மறுபடி டிராயரில் வைத்தார். "நீங்க எழுதணும்ங்கிறதுக்காக அம்மா பகல் முழுக்க அவர்கிட்ட பேசறாங்க. நீங்க ராத்திரி பக்கத்தில நிக்கிறீங்க. நான் சொல்லியிருந்தா அது நின்னுபோயிருக்கும். அதனால சொல்லலை. சொல்லியிருக்கணுமோ என்னவோ."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கையில் கொடுத்த சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வருடக் கடைசியில் மேடம் சொந்த ஊருக்கே வேலை மாற்றிக்கொண்டு போனார். புதிதாக வந்தவர் மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்றார்.

நான் நிரலை மறுபடி ஓட்டவில்லை. அம்மா மட்டும் இன்னும் கொஞ்ச நாள் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் இறுதியாண்டில் இருந்தபோது அப்பாவுக்கு இரண்டாவது முறை வந்தது. இந்தத் தடவை கெட்ட வார்த்தைகூட மிஞ்சவில்லை. எதையும் கேட்காமல், எதையும் தேடாமல், கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். தேடும்போது புடைக்கும் அந்த நெற்றி நரம்பை நான் எத்தனை நாள் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டிருக்கிறேன். அதுவும் இல்லாத முகத்தைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சர்வர்கள் எழுதித் தள்ளும் பெரிய பெரிய டெக்ஸ்ட் ஃபைல்களைப் படித்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கும் வேலை. நன்றாகவே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது அம்மா போனை அப்பா காதில் வைப்பாள். "அப்பா," என்பேன். மூச்சு கேட்கும். சாப்பிட்டீர்களா, மழை பெய்கிறதா என்று நானே கேட்டு நானே வைத்துவிடுவேன். ஒரு ஐப்பசியில், நான் அலுவலகத்தில் இருந்தபோது, மதியத் தூக்கத்திலேயே அப்பா போய்விட்டார். அம்மா சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து எழுப்பியிருக்கிறாள். ஊருக்குப் போகும் பஸ் பிள்ளைச்சாவடி தாண்டும்போது எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர், "யாருக்கும்மா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்து அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டேன். அவள் அத்தனை வருடம் அப்பாவுக்கும் சேர்த்துப் பேசியவள். "சோறு போடட்டுமா? போடவா? ரசமா, மோரா? சரி, ரசமே போடறேன்," என்று கேள்வியும் பதிலுமாகப் பகலெல்லாம் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். சென்னையில் அது நின்றுபோனது. நான் வேலையிலிருந்து வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள். முதலில் துக்கம் என்று நினைத்தேன். ஒரு வருடம் போனது. அப்படியேதான் இருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம், "சாப்டியாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லேம்மா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாத்த சொல்றது," என்றாள்.

நான் விளக்கைப் போட்டுவிட்டு, உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.